சக்கரத்தைக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'புதிய ஸ்போர்ட்டி செடானுக்குச் சி.வி.டி. கியர்பாக்ஸ் பலமா, பாரமா?' இதுதான் இன்றைய வழக்கு. சி.வி.டி. என்பது கியர் படிகள் இல்லாமல், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான சுழற்சி விகிதத்தைத் தானாகவே, தொடர்ச்சியாக மாற்றும் கியர்பாக்ஸ். சாட்சிக் கூண்டில் நிற்கும் வண்டி, ஜப்பானின் சுபாரு நிறுவனம் 2022 மாடலாகக் கொண்டுவந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். 2.4 லிட்டர் டர்போ எஞ்சின், 271 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை. ஆறு கியர் மேனுவலிலும் கிடைக்கிறது. படிகளே இல்லாத சி.வி.டி.யிலும் கிடைக்கிறது. சி.வி.டி. இந்த வண்டிக்குப் பலம் என்று வாதாட எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரே குரலில் கத்துகிறது, வண்டியோ ரப்பர் பேண்டில் கட்டி இழுத்ததுபோல் பின்தங்கி வருகிறது என்றார். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் மேனுவல்தான் முந்துகிறது என்றார். அமெரிக்காவில் இந்த வண்டியை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேனுவலைத்தான் எடுக்கிறார்கள் என்று முடித்தபோது அரங்கம் கைதட்டியது. அவர் சொன்ன தகவல்களை நான் மறுக்கப் போவதில்லை. அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளே இரண்டு கப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால், நடுவில் ஓடும் எஃகுச் சங்கிலி வெளிவிளிம்பை நோக்கி ஏறுகிறது. விலகினால் மையத்தை நோக்கி இறங்குகிறது. ஒரு கப்பியில் ஏறும் நேரத்தில் மற்றதில் இறங்குகிறது. அவ்வளவுதான். பல்சக்கரம் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டிய வேலையே இல்லை. மிகத் தாழ்ந்த விகிதத்திலிருந்து மிக உயர்ந்த விகிதம் வரை, இடையில் எந்த இடத்திலும் நிற்கலாம். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் ரப்பர் பெல்ட்டுகளை வைத்து இதைக் காரில் கொண்டுவந்தது. பிற்காலத்தில் ரப்பரின் இடத்துக்கு எஃகு பெல்ட் வந்தது. சுபாரு, 2009 முதல் எஃகுச் சங்கிலியைப் பயன்படுத்துகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. எதிரணியினர் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சின் தன் முழுத் திறனான 271 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 5,600 சுழற்சியில் தருகிறது. மேனுவலில் இரண்டாம் கியரை 6,000 சுழற்சி வரை இழுத்துவிட்டு மூன்றாவதுக்கு மாற்றுகிறீர்கள். சுழற்சியைக் காட்டும் முள் ஏறத்தாழ 4,000க்கு விழுகிறது. அங்கே எஞ்சினிடம் இருக்கும் திறன் எவ்வளவு? நிறுவனம் சொல்லும் முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் சுழற்றும் விசையை, வைத்துக் கணக்கிட்டால் சுமார் 196 குதிரைத்திறன். ஒரே ஒரு கியர் மாற்றத்தில் 75 குதிரைகளைச் சாலையோரம் இறக்கிவிட்டீர்கள். முள் மறுபடி மேலே ஏறும்வரை அவை திரும்பி வருவதில்லை. அடுத்த கியரிலும் இதேதான். சி.வி.டி.யை அதன் இயல்பில் விட்டால், எஞ்சினை 5,600க்கு அருகிலேயே நிறுத்திவைத்துவிட்டு, விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகும். வண்டியின் வேகம் ஏறுகிறது. எஞ்சின் தன் உச்சத்திலேயே நிற்கிறது.

நீங்கள் கத்தல் என்று சொல்லும் அந்த ஒரே குரல் எதன் குரல் தெரியுமா? முழுத் திறனும் இடைவிடாமல் சக்கரத்துக்குப் போகும்போது எழும் குரல். ஏறி, விழுந்து, மறுபடி ஏறும் ஒலியைத்தான் வேகம் என்று நம் காதுகள் பல ஆண்டுகளாகப் பழகிவைத்திருக்கின்றன. அந்த விழும் இடம், எஞ்சின் தன் திறனில் கால் பங்கை இழந்து நிற்கும் இடம். அதை நாம் ரசிக்கிறோம். ரசிப்போம், தவறில்லை. ஆனால் அந்த ரசனையை அளவுகோலாக்கி, திறனை இழக்காத கருவியைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. மின்சார கார்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கியர் மாற்றமே கிடையாது. சீறிப் பாய்கின்றன என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அங்கே விழாத, இடைவெளி இல்லாத இழுவை பெருமை. இங்கே மட்டும் அது எப்படிக் குறையாகும்?

பந்தயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். தொடர்பு இருக்கிறது. 1993இல் வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா 1 காரில் சி.வி.டி.யைப் பொருத்திச் சோதித்தது. ஓட்டியவர் டேவிட் கூல்தார்ட். அந்த கார் ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. 1994ஆம் ஆண்டு விதிகளில் சி.வி.டி. தடைசெய்யப்பட்டது. தடைக்கு யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும், ஒன்றை மட்டும் யோசியுங்கள்: 1993இல் பட்டம் வென்ற அணி, தன் நேரத்தையும் பொறியாளர்களையும் உதவாத ஒரு கருவிக்குச் செலவழித்திருக்குமா? அதற்கும் முன்பே, 1960களில், டாஃப் தன் பெல்ட் கியர்பாக்ஸை ஃபார்முலா 3 களத்தில் இறக்கியது. இது பிறவியிலேயே சோம்பேறியான கருவி அல்ல. சிறிய, மலிவான கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்தும் வேலைக்கு மட்டுமே நாம் இதை அனுப்பினோம். அந்த வேலையில் பார்த்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இன்று ஸ்போர்ட்டி செடானில் ஏறி உட்கார்ந்து முகம் சுளிக்கிறோம்.

சரி, எதிரணித் தலைவர் சொன்ன கிளம்பும் நேரத்துக்கு வருகிறேன். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் மேனுவல் முந்தும். உண்மை. சங்கிலி வழுக்காமல் இருக்க அதைக் கப்பிகள் எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்கவே கொஞ்சம் சக்தி செலவாகிறது. கிளம்பும் கணத்தில் முழு முறுக்குவிசையையும் சங்கிலியின் மேல் கொட்டாமல் கட்டுப்பாட்டு நிரல் அடக்கி வைக்கிறது. பந்தயத் தடத்தில் சுற்றுக்கு மேல் சுற்றாக ஓட்டினால் எண்ணெய் சூடேறும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கிளம்புவதில் உள்ள தயக்கத்துக்கு மருந்து வந்துவிட்டது. 2018இல் டொயோட்டா, கிளம்புவதற்கென்றே ஒரு பல்சக்கரத்தைச் சேர்த்த சி.வி.டி.யை அறிவித்தது. முதல் தள்ளலைப் பல்சக்கரம் பார்த்துக்கொள்கிறது. வேகம் எடுத்ததும் பெல்ட் பொறுப்பேற்கிறது. இன்று சுபாருவில் அது இல்லை. ஆகவே, இந்த வண்டியில் அந்தச் சில நொடித்துளிகளை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். சிக்னலிலிருந்து சிக்னல் வரை பாய்வது மட்டும்தான் ஸ்போர்ட்டி என்றால், வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நடுவர் அவர்களே, முடியவில்லை. ஏனென்றால் சாலையில் வளைவுகள் இருக்கின்றன.

ஸ்போர்ட்டி செடான் தன்னை நிரூபிக்கும் இடம் வளைவு. வளைவின் நடுவில் நான்கு டயர்களும் தம் பிடிமானத்தின் எல்லைக்கு அருகில் இருக்கின்றன. அந்த நேரத்தில் மேனுவலில் கியர் மாற்ற வேண்டி வந்தால் என்ன ஆகும்? கிளட்சை மிதித்ததும் விசை அறுபடுகிறது. எடை முன்பக்கம் சாய்கிறது. கிளட்சை விடும்போது சுழற்சி சரியாகப் பொருந்தாவிட்டால், சக்கரங்களுக்கு ஒரு வெட்டு போகிறது. ஈரச் சாலையில் அந்த ஒரு வெட்டு போதும், பின்பக்கம் தடம் மாற. தேர்ந்த ஓட்டுநர் குதிகாலும் நுனிக்காலுமாக இரண்டு பெடல்களை ஒருசேர இயக்கி இதைச் சமாளிப்பார். வளைவுக்கு முன்பே கியரைத் தேர்ந்தும் வைத்திருப்பார். அந்தத் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அறியாத சாலையில், எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகத் திரும்பும் வளைவில், எத்தனை பேரால் அது முடியும்? சி.வி.டி.யில் விசை அறுபடுவதே இல்லை. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன. கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு விசை, ஒரே இழையாகச் சக்கரத்துக்குப் போகிறது. வண்டியின் சமநிலை குலைவதில்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த இழுவை உள்ளங்காலில் தெரியும். ஒருமுறை உணர்ந்துவிட்டால் இதை மறுக்க மனம் வராது.

எதிரணியில் யாரும் தொடாத ஒரு செய்தியை இங்கே சேர்க்கிறேன். இரண்டு கியர்பாக்ஸ்களுக்கும் பின்னால் இருக்கும் நான்கு சக்கர ஏற்பாடு ஒன்றல்ல. மேனுவல் வண்டியில் மைய டிஃபரென்ஷியல் என்ற விசைபிரிக்கும் பல்சக்கரத் தொகுதி, விசையை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிக்கிறது. அதனுடன் விஸ்கஸ் கப்ளிங் என்ற, கெட்டியான திரவத்தால் இயங்கும் பிடிப்பான் இருக்கிறது. சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பிடிப்பான் வேலை செய்யத் தொடங்கும். சி.வி.டி. வண்டியில் விசை இயல்பாகவே முன்பக்கம் 45, பின்பக்கம் 55 என்று போகிறது. மின்னணுக் கட்டுப்பாடு அதைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கிறது. பின்சக்கரங்களுக்குக் கூடுதலாக விசை தருவது ஓட்டுகிறவனை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை, நீங்கள் சோம்பேறி என்று பெயர் வைத்த பதிப்பில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது என் அணிக்கே பிடிக்காமல் போகலாம். எங்கள் முதல் பேச்சாளர், 'ஸ்போர்ட் ஷார்ப்' என்ற வேகமான ஓட்டத்துக்கான முறையில் இந்த சி.வி.டி. எட்டுக் கியர் இருப்பதுபோலவே மாறுகிறது என்று பாராட்டினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. இல்லாத படிகளை இருப்பதுபோல் காட்டும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் தன் உச்சத்தை விட்டுக் கீழே இறங்குகிறது. சற்று முன் நான் கணக்கிட்டுக் காட்டிய இழப்பில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்கிறோம். யாருக்காக? பழைய ஒலியைத் தேடும் காதுக்காக. பொறியாளர்களின் கருவியில் குறையில்லை. விமர்சனத்துக்கு அஞ்சி எழுதிய நிரலில் குறை இருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த, ஒரு விகிதத்தை ஸ்டீயரிங்கின் பின்னால் இருக்கும் பேடில் என்ற நெம்புகோலால் பிடித்து நிறுத்துவது வேறு. அது பயனுள்ளது, இருக்க வேண்டும். ஆனால் முழு மிதியில் போலிப் படி வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஓட்டுநருக்குக் கொடுங்கள். ஒரு பொத்தான் போதும். சுபாருவிடம் நான் கேட்பது அதைத்தான்.

நீடித்து உழைக்குமா என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. நிசான் 2003 முதல் 2010 வரையிலான தன் சி.வி.டி. மாடல்களுக்கு அமெரிக்காவில் வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. அது அந்தக் காலத்தின் கறை, பூசி மெழுகவில்லை. எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்ற பேச்சை நம்பாமல், குறித்த காலத்தில் மாற்றுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். மேனுவலிலும் கிளட்ச் தட்டு தேயத்தானே செய்கிறது?

பெரும்பாலோர் மேனுவலை எடுக்கிறார்கள் என்ற வாதம் மிச்சமிருக்கிறது. எடுக்கட்டும். கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளும் இன்பத்தை நான் ஒரு சொல்லாலும் குறைக்கமாட்டேன். ஆனால் இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். தினமும் இரண்டு மணி நேர நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டும் ஆசையையே இழந்துவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். செடான் என்பது நான்கு கதவுகள் கொண்ட வண்டி. குடும்பமும் ஏறும், நெரிசலிலும் நிற்கும், விடிகாலையில் வெறிச்சோடிய சாலையில் தனியாகவும் ஓடும். அந்த விடிகாலைச் சாலை இவர்களுக்கு இல்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். மழை பெய்கிறது. நினைத்ததைவிடக் கூர்மையான வளைவு. பாதி திரும்பிவிட்டீர்கள்; எஞ்சின் 2,000 சுழற்சிக்கும் கீழே இறங்கித் தள்ளாடுகிறது; இழுவை வேண்டும், இப்போதே வேண்டும். அந்த நொடியில் உங்கள் இடது கால் எங்கே போகும், கியரைத் தேடும் கை ஸ்டீயரிங்கை விட்டு எத்தனை நேரம் விலகியிருக்கும், அதுவரை நான்கு டயர்களும் எதை நம்பிச் சாலையைப் பிடித்திருக்கும்? இதற்கு அவர் விடை சொல்லட்டும். வணக்கம்.