காயை அறிந்தவர் கூட்டத்தை நடத்தட்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வேளாண்மையில் வருங்காலத் தலைமையை வளர்ப்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் கூட்டுவது, தீர்மானம் எழுதுவது, கணக்கேடு பார்ப்பது, அதிகாரிகளிடம் மனு கொடுப்பது என்று இளைஞர்களுக்குப் பல பயிற்சிகள் நடக்கின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், தன் வட்டாரத்து விளைபொருளைச் செடியில் தொடங்கி விலை நிர்ணயமாகும் இடம் வரை கூடவே சென்று பார்க்காத ஒருவரை உழவர்களுக்குத் தலைவராக்குவது முறையாகாது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதியினருக்கு ஏலக்காயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் இந்நேரம் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தோட்டம் கேரளத்தில் இருக்கிறது. காய் பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து போகின்றன. ஏலமோ போடிநாயக்கனூரிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் மாறி மாறி நடக்கிறது. ஆகவே இங்கே ஒருவர் உழவர்களை வழிநடத்த வேண்டுமானால், இரண்டு மாநிலங்களின் நடைமுறைகளையும் அறிந்திருக்க வேண்டும். மலையாளத்தில் எழுதிய பில்லையும் தட்டுத்தடுமாறியாவது படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநராகப் பொறுப்பேற்கவிருந்த இளைஞர்கள் சிலரை மலைமேல் ஒரு ஸ்டோருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஸ்டோர் என்றால் பச்சைக் காயை உலர்த்தும் இடம் என்பதை மற்ற மாவட்டத்து நேயர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அன்று பறித்த காய் இரண்டு குவியலாகக் கிடந்தது. எந்தக் குவியலுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கேட்டேன். வேளாண் பட்டம் பெற்ற ஒரு தம்பி, பளிச்சென்ற பச்சையைப் பார்த்ததும் தயங்காமல் முதல் குவியலைக் காட்டினார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் சிரித்துவிட்டு, இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொரு காயை எடுத்து நகத்தால் பிளந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். முதல் காயின் விதைகள் வெளிறிக் கிடந்தன. இரண்டாவதில் கருகருவென்று இருந்தன. "தோலைப் பாக்காதீங்க தம்பி, அரிசியைப் பாருங்க. அது பிஞ்சு, காஞ்சா சுருங்கிப் போயிரும்" என்றார் அந்த அம்மா. அரிசி என்று அவர் சொன்னது உள்ளிருக்கும் விதையை.

அந்த ஒரு நிமிடத்தில் அத்தம்பி கற்றது சாதாரணமானதன்று. பிஞ்சில் பறித்தால் உலர்ந்தபின் எடை நிற்காது. பழுக்கவிட்டால் நிறம் போய்க் காய் வெடிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கருங்காய்ப் பருவமே பறிப்புக்கு உகந்தது. நல்ல பச்சைக் காய் 100 கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய 20 கிலோ மிஞ்சும். சூடு கூடினாலும் குறைந்தாலும் பச்சை நிறம் கெட்டுவிடும். வீட்டில் ஏலக்காய் டப்பா இருந்தால் நீங்களும் இரண்டு காயைப் பிளந்து பாருங்கள். விதை கறுத்திருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, மணம் உடனே எழுகிறதா என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

இதை அறிந்த இயக்குநர் என்ன செய்வார்? அவசரப்பட்டுப் பறிக்க வேண்டாம் என்று உறுப்பினர்களிடம் காரணத்தோடு சொல்வார். பறிக்கும் பெண்களுக்கு எடைக்கு மட்டும் கூலி பேசினால் பிஞ்சும் சேர்ந்துதான் கூடையில் விழும் என்பதை உணர்ந்து கூலிமுறையையே மாற்றச் சொல்வார். இதை அறியாதவர், ஏலத்தில் விலை குறைந்த அன்று வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவார். கூட்டுச் சேர்வதும் உண்டுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டில் வைத்த மாதிரிக் காயைப் புரட்டிப் பார்க்கத் தெரியாதவருக்கு, எது சூழ்ச்சி, எது தரக்குறைவு என்று பிரித்தறிய வழியில்லை.

ஆகையால், பொறுப்புக்கு வரும் ஒவ்வோர் இளைஞரும் ஒரு பருவம் முழுவதும் ஏலக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்கும் அடுத்த கோடையின் வறட்சிக்கும் பின்பு, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனதை நினைத்துப் பாருங்கள். அவ்விலை நிலைக்கும் என்று நம்பிக் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தவர்கள் பிறகு பட்ட பாட்டை இப்பக்கத்தில் அறியாதவர் இல்லை. உச்ச விலையன்று உறுப்பினர்களை நிதானப்படுத்துவது, விலை வீழ்ந்த அன்று போராட்டம் நடத்துவதைவிடக் கடினமான தலைமைப் பணி.

தலைமை என்பது பதவியில் மட்டும் இருப்பதும் அன்று. இன்று மலையெங்கும் பரவியிருக்கும் ஞள்ளானி ரகம், இடுக்கியில் செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி தம் தோட்டத்துச் செடிகளை உற்றுக் கவனித்துத் தேர்ந்தெடுத்தது. எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இராமலேயே ஒரு மலைத்தொடரின் பயிரை மாற்றிக்காட்டலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கடிகாரம் முடிக்கச் சொல்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்காக ஒதுக்கிய நேரத்தை ஏலக்காயே எடுத்துக்கொண்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள் என்னும் சட்டப் பதிவு, கிடைத்தது. ஆனால் குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லா விவசாயிகளின் பெட்டியிலும் அது தானாக ஒட்டிக்கொள்ளாது. அதைப் பயன்படுத்த விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். அதற்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தோல் மெல்லிய இப்பழம் தூரப் பயணம் தாங்காது. அதற்கேற்ற பெட்டியும், எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் வந்து குவியாதபடி, கொடியை வெட்டிவிடும் கவாத்து நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிவைக்கும் ஏற்பாடும் இளைஞர்கள் உடனே கையிலெடுக்கத்தக்க வேலைகள். பதிவுக்கான விண்ணப்பத்தைப் பற்றி விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். வணக்கம்.