திரை திறக்காத நாடகம்

எல்லாருக்கும் வணக்கம். தனிநடிப்பைப் பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டவை, ஆனா நான் பொதுவாக் கதைக்கப் போறேல்லை, முக்கியமா ஒரு நாடகத்தைப் பற்றித்தான் சொல்லப்போறன், ஏனெண்டால் ரொறன்ரோவில வந்து குடியேறி இருக்கிற எங்களையும் அது முகத்துக்கு நேர நிண்டு கேள்வி கேக்குது.

2021 செப்ரெம்பர். கொவிட்டுக்குப் பிறகு தியேற்றர்கள் மெல்ல மெல்லத் திறக்கிற காலம். கார்லோ அவெனியூவில இருக்கிற குரோஸ் தியேற்றர், ஷேக்ஸ்பியரின்ர 'அஸ் யூ லைக் இற்' நாடகத்தைப் புதுவிதமாப் போடுறம் எண்டு ரிக்கற் வித்தது. சனம் ஷேக்ஸ்பியர் பாக்கத்தான் போய் இருந்தது. மூடின திரைக்கு முன்னால கிளிஃப் கார்டினல் வந்து நிண்டார். நாடகம் தொடங்க முதல் வழக்கமாச் சொல்லுற லாண்ட் அக்னொலெஜ்மென்ற், இது ஆதிக்குடி மக்களின்ர நிலம் எண்டு ஒப்புக்கொள்ளுற அந்த நில ஒப்புகையை, சொல்லத் தொடங்கினார். தொடங்கினவர் நிப்பாட்டேல்லை. இப்ப முடிப்பார், இப்ப முடிப்பார் எண்டு பாத்தால் அவர் இன்னும் கதைச்சுக்கொண்டுதான் நிக்கிறார். ஷேக்ஸ்பியர் கடைசிவரைக்கும் வரவே இல்லை. அந்த ஒப்புகைதான் முழு நாடகமும்! விமர்சனம் எழுத வந்த ஆக்களிட்டையும் இந்த ரகசியத்தை உடைச்சுப் போடாதேங்கோ எண்டு கேட்டிருந்தவை. பிறகு 2023-ல மேர்விஷ் எண்ட பெரிய நாடகக் கொம்பனி அதைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோகேக்க தலைப்பிலயே விஷயத்தைச் சொல்லிப்போட்டினம், அதே வருஷம் அதின்ர புத்தகத்துக்கு ஆங்கில நாடகத்துக்கான கவர்னர் ஜெனரல் விருதும் கிடைச்சது.

கார்டினல் லக்கோட்டா, கிரீ எண்ட ஆதிக்குடிகளின்ர வழியில வந்தவர். அமெரிக்காவில, தென் டக்கோட்டாவில, ஆதிக்குடிகளுக்கு ஒதுக்கின பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனில பிறந்தவர். அம்மா ரான்ரூ கார்டினல், பெயர் போன நடிகை.

நில ஒப்புகை உங்களுக்குப் புதிசில்லை. ரொறன்ரோ பொதுப் பள்ளிக்கூடங்களில எங்கட பிள்ளையள் ஒவ்வொரு நாளும் காலமை கேக்கினம், எங்கட தைப்பொங்கல் விழாவிலயும் இப்ப யாரோ ஒராள் பேப்பரைப் பாத்து வாசிக்கினம். எப்பிடி வாசிக்கினம் எண்டு கவனிச்சனீங்களோ? கோயில்ல உபயகாரரின்ர பேர் வாசிக்கிற வேகத்தில. மிசிசாகா, அனிஷினாபெ, ஹோடனொஷோனி, வென்டாற், சரி முடிஞ்சுது, இப்ப மங்கள விளக்கேற்றல். அந்த ஆதிக்குடிப் பேருகளுக்குப் பின்னால இருக்கிற கணக்கை ஆரும் சொல்லுறேல்லை. ரொறன்ரோவின்ர நிலம், ரெண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல, 1805-ல மிசிசாகா மக்களிட்டை இருந்து பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கப்பட்டது. பத்து ஷில்லிங்! அதுக்கு முதல் 1787-ல செய்த ஒப்பந்தத்தில எல்லை கூட ஒழுங்கா எழுதப்படேல்லை. 2010-லதான் கனடா அரசாங்கம் மிசிசாகாஸ் ஒஃப் த கிரெடிற் மக்களுக்கு 145 மில்லியன் டொலர் குடுத்து அந்த வழக்கை முடிச்சது. நிலம் திரும்பி வரேல்லை, காசுதான் வந்தது.

கார்டினல் பிடிச்ச இடம் இதுதான். முப்பது செக்கனில ஒரு மரியாதையைச் செலுத்திப்போட்டு நிம்மதியா நாடகம் பாக்கலாம் எண்டு இருந்த ஆக்களிட்டை, நீங்கள் ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதைப் பற்றியே கதைப்பம், முழுக்கக் கதைப்பம் எண்டு அவர் நிக்கிறார். நக்கலும் பகிடியும் தாராளமா இருக்கு, நல்லாச் சிரிக்க வைக்கிறார். சிரிச்சுக்கொண்டிருக்கேக்கயே கதை பள்ளிக்கூடங்களுக்குப் போகுது.

அந்தப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கொஞ்சம் நிண்டு சொல்லவேணும். எங்கட அப்பாமார் கனபேர் போர்டிங்கில படிச்சவை, பெருமையாச் சொல்லுவினம். ஆனா அவையை வீட்டில காசு கட்டித்தான் விட்டவை, லீவுக்கு வீட்டை வந்தவை, வந்து அம்மாவோட தமிழிலதான் கதைச்சவை. கனடாவின்ர ரெசிடென்ஷியல் ஸ்கூல் அது இல்லை. ஆதிக்குடிப் பிள்ளையளை வீட்டில இருந்து பிரிச்சு வைச்சிருக்க, அரசாங்கம் காசு குடுத்து, கத்தோலிக்க, அங்கிலிக்கன், யுனைற்றெட் எண்டு சேர்ச்சுகள் நடத்தின இடங்கள். 1920-ல சட்டத்தைத் திருத்திப் பிள்ளையளைக் கட்டாயம் அனுப்பவேணும் எண்டு ஆக்கினவை, அனுப்பாட்டில் தாய் தகப்பனுக்குத் தண்டனை. போனவுடன தலைமயிரை வெட்டுறது, பேருக்குப் பதிலா நம்பர், சொந்த மொழியில வாய் திறந்தால் அடி. ஏறக்குறைய 1,50,000 பிள்ளையள் இதுக்குள்ளால போயிருக்கினம். கடைசிப் பள்ளிக்கூடங்கள் மூடினது 1990-களின்ர பின்பாதியில. எங்களில கனபேர் அப்ப கனடாவுக்கு வந்து இறங்கியிட்டம், நினைச்சுப் பாருங்கோ.

தெரியாமல் நடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. 1907-ல டொக்டர் பீற்றர் பிரைஸ், அரசாங்கத்தின்ரயே மருத்துவ அதிகாரி, மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பாத்துப்போட்டு அறிக்கை குடுத்தார். 15 பள்ளிக்கூடம், 1,537 பிள்ளையள், அதில கிட்டத்தட்ட நாலில ஒரு பங்கு செத்துப்போயினம், பெரும்பாலும் காசநோய். காற்றோட்டம் இல்லாத அறையள், நோய் வந்த பிள்ளையும் வராத பிள்ளையும் ஒரே இடத்தில படுக்கை. அறிக்கை பேப்பரிலயும் வந்தது, ஆனா அவர் கேட்ட மாற்றங்களைச் செய்யேல்லை. 1922-ல தானே ஒரு சின்னப் புத்தகமாப் போட்டு, இது தேசியக் குற்றம் எண்டு எழுதினார். இண்டைக்கு 4,100-க்கும் மேற்பட்ட பிள்ளையளின்ர இறப்புப் பதிவுகள் இருக்கு, உண்மைக் கணக்கு இதைவிடக் கூட எண்டுதான் அந்த விஷயத்தில வேலை செய்யிற ஆக்கள் சொல்லுகினம்.

இப்ப திருப்பி 2021-க்கு வாங்கோ. மே மாசக் கடைசியில பிரிட்டிஷ் கொலம்பியாவில கம்லூப்ஸ் பழைய ரெசிடென்ஷியல் ஸ்கூல் நிலத்தில ரேடார் வைச்சுப் பாத்ததில 215 புதைகுழிகள் இருக்கலாம் எண்டு அந்த இடத்து ஆதிக்குடி மக்கள் அறிவிச்சினம். அடுத்த மாசம் சஸ்காச்சுவானில கவெசெஸ் மக்கள், அடையாளம் இல்லாத 751 குழிகள் எண்டு அறிவிச்சினம். அந்தப் பிள்ளையளின்ர நினைவா நாடெல்லாம் சேர்ச் வாசல்களில சின்னச் சின்னச் சப்பாத்துகள் வைச்சிருந்ததைப் பாத்திருப்பியள், ஓரேஞ்ச் சேர்ட்டும் எல்லாரும் போட்டனாங்கள். நாலு மாசம் கழிச்சுத்தான் இந்த நாடகம். அதாவது அண்டைக்கு வந்து இருந்த சனம் ஏற்கெனவே கவலைப்பட்டு முடிச்ச சனம். தான் நல்ல ஆள், தனக்கு எல்லாம் விளங்கும் எண்டு நினைக்கிற சனம். கார்டினலின்ர நக்கல் அந்த நினைப்பிலதான் கை வைக்குது. உங்கட கவலை உங்களுக்குச் சுகமா இருக்கு, எனக்கு அதால என்ன எண்டு கேக்கிற நக்கல். இதைச் சோகமான குரலில சொல்லியிருந்தால் எல்லாரும் அழுதுபோட்டு, நல்ல நாடகம் எண்டு வீட்டை போயிருப்பினம், பகிடியாச் சொன்னதாலதான் தப்ப வழியில்லை.

தனிநடிப்பு எண்டதும் இங்க சும்மா ஒரு வசதிக்காக இல்லை. நாலு பேர் மேடையில இருந்தால் பாக்கிறவை அந்த நாலு பேரின்ர பிரச்சினையைப் பாத்துக்கொண்டு இருக்கலாம். ஒராள் மட்டும் நிண்டால் மற்றப் பாத்திரம் பாக்கிற ஆள்தான், வேற ஆளில்லை. இதே கார்டினல் இதுக்கு முதல் 'ஹஃப்' எண்டு ஒரு தனிநடிப்பு செய்தவர், ரிசர்வில வளருற அண்ணன் தம்பியளின்ர கதை, எல்லாப் பாத்திரமும் அவரே. தொடக்கத்தில அந்தப் பெடியன் சாகத் துணிஞ்ச நிலையில நிக்கிறான். தன்னட்டை இருக்கிற ஆபத்தான சாமானை முன்னால இருக்கிற ஒராளிட்டைக் குடுத்து, நான் கேட்டாலும் திருப்பித் தராதேங்கோ எண்டு சொல்லுறான். ரிக்கற் வாங்கி வந்த ஒருத்தர் நாடகம் முழுக்க அதை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறார். எனக்குத் தெரிஞ்சு, பாக்கிற ஆளுக்கு இவ்வளவு பொறுப்பை வேற எந்த நாடகமும் கையில குடுக்கேல்லை.

ஏன் பகிடி எண்டு கேக்கலாம். அனிஷினாபெ மக்களுக்கு நானபூஷ், கிரீ மக்களுக்கு வீசகேசாக் எண்டு ஒரு குழப்படிக்காரன் இருக்கிறான், ஒரு விதத்தில கடவுளும்தான், கோமாளியும்தான். ரொம்சன் ஹைவே ரெசிடென்ஷியல் ஸ்கூலுக்குள்ளால வந்த கிரீ எழுத்தாளர், 1986-ல அவர் மேடையேத்தின 'த ரெஸ் சிஸ்டேர்ஸ்'-ல நானபூஷ் ஒரு பாத்திரமாவே ஆடிக்கொண்டு வாறார். வெள்ளைக்காரரின்ர ஸ்ராண்ட்-அப் கொமெடியைப் பாத்துப் பழகின சிரிப்பு இல்லை இது, அதுக்கு முன்னமே இருந்தது.

இன்னொண்டு, நாடகக்காரர் நாங்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது. 1885-ல இருந்து 1951 மட்டும் மேற்குக் கரை ஆதிக்குடிகளின்ர பொட்லாச் சடங்கு கனடாவில சட்டப்படி குற்றம். பொட்லாச் எண்டால் ஆட்டம், முகமூடி, பாட்டு, கதை, கொடை எல்லாம் சேர்ந்தது, எங்கட கண்ணால பாத்தால் முழு அரங்கு. 1921 கடைசியில டான் கிரான்மர் எண்ட ஆதிக்குடித் தலைவர் வில்லேஜ் ஐலண்டில வைச்ச பொட்லாச்சுக்கு வந்த ஆக்களைப் பிடிச்சு வழக்குப் போட்டு, இருபது பேர் அளவில சிறைக்கு அனுப்பினவை, முகமூடியளைப் பறிச்சுக்கொண்டு போய் மியூசியங்களுக்குக் குடுத்தவை. ஆடினதுக்கு மறியல். அந்தச் சட்டம் போய் எழுபது வருஷத்தில ஒரு மனிசன் ரொறன்ரோ மேடையில தனியா நிண்டு, நீங்கள் பாக்க வந்த நாடகத்தை நான் போடமாட்டன் எண்டு சொல்லுறார்.

முந்தி ஒரு தம்பி கேட்டவர், இதைத் தமிழில மொழிபெயர்த்து மேடையேத்தலாமோ எண்டு. வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். அது அவரின்ர உடம்பு, அவரின்ர சனத்தின்ர கதை, எங்கட நடிகர் ஒருத்தர் அதில ஏறி நிண்டால் நாங்கள் இருக்கவேண்டிய கதிரையில இருந்து எழும்பி ஓடின மாதிரிப் போகும். வெள்ளைக்காரன் எங்களையும் ஆண்டவன், எங்கட நிலமும் போனது, அது முழு உண்மை, ஆனா இந்த மண்ணில நாங்கள் வீடு வாங்கி இருக்கிற ஆக்கள். 2021 யூனில இருந்து குடியுரிமைச் சத்தியத்தில ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிற், மேற்ரி மக்களின்ர உரிமையளை ஏற்கிற வசனமும் சேர்ந்திருக்கு, ரெசிடென்ஷியல் ஸ்கூல்களைப் பற்றி விசாரிச்ச உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு கேட்ட 94 விஷயத்தில கடைசி விஷயம் அது. புதிசா வாற எங்கட சனம் கையை உயர்த்தி அதைச் சொல்லுது. சொல்லிப்போட்டு வெளியில வந்து கொடியோட படம் எடுக்கிறம்.

அந்தக் கையை உயர்த்தின ஆளை வைச்சு ஒரு தனிநடிப்பு எழுதுங்கோ, எங்கட தமிழில, எங்கட பகிடியோட. அதுக்கு முதல் பிரான்ற்ஃபோர்டுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ, காரில ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம், 1831-ல இருந்து 1970 மட்டும் நடந்த மோஹாக் இன்ஸ்ரிரியூற் எண்ட ரெசிடென்ஷியல் ஸ்கூலின்ர கட்டடம் அங்கதான் நிக்குது, நாளும் பொழுதும் கஞ்சிதான் எண்டதால பிள்ளையள் அதுக்கு மஷ் ஹோல் எண்டு பேர் வைச்சவை. பாத்துப்போட்டு வந்து எழுதுங்கோ. எழுதினதைக் கொண்டுவந்தால் நானும் கூட இருந்து வாசிப்பன்.