பேரனாக அல்ல, தோழனாக

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "முதுமைக்குப் பெருந்துணை பிள்ளைகளின் கடமையா, நட்பா?" என்ற கேள்விக்கு, நட்பே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், யெஷிம் உஸ்தாவோலு இயக்கி 2008இல் வெளிவந்த 'பண்டோராவின் பெட்டி' என்ற துருக்கியப் படத்தை எடுத்துக்காட்டி, அதில் மூதாட்டியைத் தாங்குபவன் சொந்தப் பேரன்தானே, அது இரத்த பாசம்தானே என்று கேட்டார். அந்தப் படத்தையே நானும் சான்றாகக் கொள்கிறேன்.

கருங்கடல் பக்கத்து மலைக்கிராமத்தில் நுஸ்ரத் என்ற மூதாட்டி காணாமல் போகிறார். இஸ்தான்புல்லில் வாழும் மூன்று பிள்ளைகளும் செய்தி கேட்டதும் புறப்பட்டுப் போய், தாயைத் தங்களோடு நகரத்துக்கு அழைத்து வருகிறார்கள். அவருக்கு நினைவை மெல்ல அழிக்கும் அல்சைமர் நோய் என்று தெரியவருகிறது. மூத்த மகள் நெஸ்ரின் பொல்லாதவர் அல்லர், தவித்துப்போன மகள். ஆனால் பிள்ளைகளுக்குத் தாய் ஒரு பொறுப்பாகிவிடுகிறார், யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்பதே அவர்களின் கவலையாகிவிடுகிறது. வீட்டோடு ஒட்டாமல் திரியும் நெஸ்ரினின் மகன் முராத்தான் பாட்டியின் மனம் எதை நாடுகிறது என்பதைப் புரிந்துகொண்டு, அவரை அவருடைய மலைக்கே திரும்ப அழைத்துச் செல்கிறான்.

இரத்தம்தான் காரணம் என்றால், பேரனைவிட நெருங்கிய இரத்தம் மூன்று பேரிடம் இருந்ததே! துருக்கியில் தாய்வழிப் பாட்டியை 'அன்னெஅன்னெ', அதாவது அம்மாவின் அம்மா, என்று அழைக்கிறார்கள். உறவை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சொல்லையும் அழித்துவிடக்கூடிய நோய் அது. அந்நிலையிலும் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே எஞ்சி நிற்பதைத்தான் நான் நட்பு என்கிறேன். நுஸ்ரத்தாக நடித்த பிரெஞ்சு நடிகை சில்லா ஷெல்தோன் அப்போது 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் படம் அதன் உயரிய விருதான தங்கச் சிப்பியையும், அவர் சிறந்த நடிகைக்கான விருதையும் பெற்றார்கள். அவர் முகத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள், நடுவர் அவர்களே. பிள்ளைகளின் வீடுகளில் இறுகிக் கிடப்பது, முராத்தின் அருகில் இளகுகிறது.

இறுதியில் நுஸ்ரத் தனியே மலையை நோக்கி நடக்கிறார். நெஸ்ரின் அங்கே இருந்திருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பார். அது மகளின் கடமை, அதை நான் பழிக்கமாட்டேன். முராத் தடுக்கவில்லை. அவர் விரும்பிய வழியில் அவரைப் போகவிட்டு நிற்கிறான். அந்த நிற்றலுக்குக் கடமை என்று பெயரிட எதிரணியால் முடியுமா என்று கேட்டு அமர்கிறேன்.