கல்வெட்டில் எழுதாத விலை

மின்விசிறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு ஒருமுறை பேசிப் பார்த்தேன். பாதியிலேயே வியர்த்து ஊற்றிவிட்டது. ஆகவே விசிறி ஓடட்டும்.

சென்ற வாரம் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டைத் தூசி தட்டி எடுத்தேன். பிளிஸார்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்டது. இதற்கு முன் எத்தனை தடவை முடித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்த முறை ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே ஆடினேன்: ஆர்தஸ் தான் வாங்கிய சக்திக்கு என்ன விலை கொடுத்தான்? “ஆன்மாவைக் கொடுத்தான்” என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது எழுதி ஒட்டியிருக்கும் விலை. எழுதாத விலை வேறொன்று இருக்கிறது. விளையாட்டு அதை வசனத்தில் சொல்லவில்லை, நாம் அழுத்தும் பொத்தான்களில் வைத்திருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்தஸ் மெனெதில், லார்டரான் நாட்டு இளவரசன். பாலடின், அதாவது புனித ஒளியால் காயம் ஆற்றத் தெரிந்த வீரன். உதர் அவனுடைய குரு. நாட்டுக்குள் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது, அதுவும் தானியத்தின் வழியாக. ரொட்டி தின்றவன் சாகிறான், செத்தவன் எழுந்து நடக்கிறான். ஸ்ட்ராத்ஹோம் நகருக்கு ஆர்தஸ் வந்து சேரும்போது தானியம் வீடு வீடாகப் போய்விட்டது. ஊர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு? மொத்த ஊரையும் வெட்டச் சொல்கிறான் அவன். உதர் மறுக்கிறார். அவனை நேசித்த ஜெய்னா, பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் போய்விடுகிறாள்.

அதற்குப் பிறகு நாம் செய்ய வேண்டியதைப் பாருங்கள். திரையின் மூலையில் இரண்டு எண்கள் ஓடும். ஒன்று ஆர்தஸுடையது, மற்றொன்று மால்கானிஸ் என்ற அசுரனுடையது. ஊர்மக்களில் நூறு பேரை யார் முதலில் முடிப்பது என்று போட்டி. முதல் தடவை ஆடியபோது எனக்குப் பதினான்கு வயது. அசுரனின் எண் அறுபதைத் தாண்டியதும் பதறிப்போய் வீடுவீடாக உடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“இவர்களெல்லாம் யார்?”

“ஊர் ஜனங்கள்.”

“எதற்குடா அவர்களை அடிக்கிறாய்?”

“அடிக்காவிட்டால் அவன் ஜெயித்துவிடுவான், அக்கா.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஆர்தஸும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பான் என்று எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.

மால்கானிஸைத் துரத்திக்கொண்டு அவன் நார்த்ரெண்ட் என்னும் பனிக்கண்டத்துக்குப் போகிறான். ஊர் திரும்பும்படி ஆணை வந்ததும் தன் கப்பல்களைக் கூலிப்படையை வைத்து எரித்துவிட்டு, பழியை அந்தக் கூலிப்படை மேலேயே போடுகிறான். வாள் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் இப்படி! “வாள்தான் கெடுத்தது” என்று வாதாடுபவர்கள் இந்த இடத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பிறகு அந்தக் குகை. பனிக்கட்டிக்குள் ஃப்ராஸ்ட்மோர்ன் வாள். கூட வந்த குள்ளர் குலத்து முராடின், பீடத்தில் செதுக்கியிருப்பதைப் படிக்கிறார்: எடுப்பவனுக்கு நிலையான வலிமை கிடைக்கும், வாள் உடலைப் பிளப்பதைப் போல அந்த வலிமை ஆவியில் தழும்பு போடும். சபிக்கப்பட்ட பொருள், விட்டுவிட்டு வா என்கிறார். என் மக்களைக் காப்பாற்ற எந்தச் சாபத்தையும் ஏற்கிறேன் என்கிறான் ஆர்தஸ். பனிக்கட்டி வெடிக்கிறது. சிதறிய துண்டு பாய்ந்தது முராடின் மேல். அவர் பிழைத்துக்கொண்டார் என்பது பின்னால் வந்த விளையாட்டில்தான் தெரியும். “நான் ஏற்கிறேன்” என்று சொன்னவன் முழுசாக நிற்கிறான், வேண்டாம் என்று சொன்னவர் விழுந்து கிடக்கிறார். முதல் தவணையே அடுத்தவர் கணக்கில்.

இப்போது காமெராவைத் திருப்புகிறேன், திரையைப் பாருங்கள். கீழே வலது மூலையில் நான்கு சிறு படங்கள் தெரிகின்றனவா? பாலடின் ஆர்தஸின் நான்கு திறன்கள் இவை. ஹோலி லைட்: அடிபட்ட கூட்டாளியின் காயத்தை ஆற்றும். ஒரு வேடிக்கை பாருங்கள், அவன் மேலேயே அதைச் சொடுக்குகிறேன், வேலை செய்யவில்லை. பிறரை ஆற்றலாம், தன்னை ஆற்றிக்கொள்ள முடியாது. பெரிய திறன், ரிசரக்‌ஷன்: விழுந்துபோன தன் வீரர்கள் ஆறு பேரை எழுப்பும். எழுந்தவர்கள் எழுந்தவர்கள்தான், அடுத்த சண்டைக்கும் கூட வருவார்கள்.

அடுத்த பாகத்துக்குத் தாவுகிறேன். அதே ஆள், முடி வெளுத்துவிட்டது, மரண வீரன் ஆகிவிட்டான். ஹோலி லைட் இருந்த இடத்தில் டெத் காயில். இது பிணப்படையை ஆற்றும், உயிருள்ள எதிரியை அடிக்கும். ரிசரக்‌ஷனுக்குப் பதில் அனிமேட் டெட்: இதுவும் ஆறு பேரைத்தான் எழுப்புகிறது. யாருடைய பிணம் என்ற கேள்வியே இல்லை, எழுந்தவை சிறிது நேரம் சண்டை போட்டுவிட்டுச் சரிந்துவிடும். இன்னொன்று டெத் பேக்ட். இதை நான் ஆடும்போது கூடுமானவரை தொடுவதில்லை. தன் படையிலேயே ஒருவனைக் கொன்று, அவன் உயிரைத் தன் உயிரோடு சேர்த்துக்கொள்வது.

தன்னை ஆற்றிக்கொள்ள ஒருவழியாக வழி கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு எப்போதும் பக்கத்தில் ஒரு கூட்டாளி வேண்டும், கொல்வதற்கு.

இந்த நான்கு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விலை புரிந்தது. மக்களுக்காக என்று சொல்லி வாளை எடுத்தான். எடுத்த நாளிலிருந்து, அடிபட்டுக் கிடக்கும் ஓர் உயிருள்ள மனிதனுக்குக் கைவைத்து ஆற்றுகிற திறன் அவனிடம் ஒன்றுகூட இல்லை. (அருகில் இருப்பவர்களுக்கு வேகமும் சிறிது தெம்பும் தரும் ஒளிவட்டம் ஒன்று உண்டே என்று எழுதத் தொடங்கிவிடாதீர்கள். தெரியும். அதைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை.) பசித்தவனுக்குச் சோறு போடுவதற்காக ஒருவன் தன் அடுப்பை விற்றுவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

அதைவிட மோசம், அவனுக்கு அது தெரியவே இல்லை. ஊர் திரும்புகிறான், ஜனங்கள் ரோஜா இதழ் தூவுகிறார்கள். தந்தை டெரனாஸ் முன் மண்டியிட்டு, இனி நீங்கள் மக்களுக்காகத் தியாகம் செய்ய வேண்டாம், கிரீடத்தின் பாரத்தைச் சுமக்க வேண்டாம் என்று பரிவாகப் பேசிவிட்டு வெட்டுகிறான். சொற்களெல்லாம் பழைய ஆர்தஸுடையவை. அவற்றுக்குப் பொருள் கொடுத்தவன் மட்டும் அங்கே இல்லை.

2003இல் வந்த ‘ஃப்ரோசன் த்ரோன்’ தொடர்ச்சியில் படைப்பாளிகள் இன்னும் ஒரு படி போனார்கள். பொதுவாக நம் நாயகன் ஆட ஆட நிலை உயரும், அதுதானே விளையாட்டு? இதில் ஆர்தஸ் பத்தாம் நிலையில் தொடங்குகிறான், பாகத்துக்குப் பாகம் இறங்குகிறான். அவனுக்கு வலிமை தருகிற, பிணப்படைகளின் அரசனான லிச் கிங்கின் பனிச் சிம்மாசனம் விரிசல் கண்டுவிட்டது, அங்கே கசிவதால் இங்கே வற்றுகிறது. நேற்று வைத்திருந்த திறன் இன்று இல்லை. முதல் தடவை, கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழைய சேமிப்பிலிருந்து மறுபடி ஆடினேன்! கெடவில்லை. அந்த வலிமை எந்த நாளும் அவனுடையதாக இருந்ததில்லை. அதைத் தக்கவைத்துக்கொள்ளவே பனிமலை ஏறி, லிச் கிங்கின் தலைக்கவசத்தைத் தலையில் வைத்து, அவனோடு ஒன்றாகிவிடுகிறான். படியேறும்போது முராடின், உதர், ஜெய்னாவின் பழைய குரல்கள் காதில் கேட்கின்றன. கால் நிற்கவில்லை.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டின் தொடர்ச்சியாக 2008இல் வந்த ‘ராத் ஆஃப் த லிச் கிங்’ பற்றித் தனியாக ஒரு காணொளி போட வேண்டும், இங்கே ஒன்றே ஒன்று. லிச் கிங் வீழ்ந்த பிறகு, ஷேடோமோர்ன் கோடரியைச் செய்து முடித்தவர்களுக்கு அவனுடைய உடைமைகள் இருக்கும் பெட்டி ஒன்று கிடைக்கும். அதற்குள் ஜெய்னா கொடுத்த லாக்கெட் இருக்கிறது. அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், இத்தனை காலமும் வைத்திருந்தானா என்று உடைந்துபோகிறாள். அவன் அங்கே இல்லை என்று இவ்வளவு நேரம் பேசினேனே, அந்த லாக்கெட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

அது பரிசாக நம் கைக்கே வருகிறது. அழுத்தினால் தலரான் நகருக்கு ஒரு வாசல் திறக்கும். பஸ் பாஸ் மாதிரி. மணிக்கு ஒரு தடவை பயன்படுத்தலாம்.