இடித்தால் திரும்பாது: நகர நடுவில் ஹோட்டலுக்குப் பழைய வீடே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, மண்டபம் நிறைந்திருக்கும் திருகோணமலை மக்களே, வணக்கம்.

நகர நடுவில் வரப்போகும் சிறு சொகுசு ஹோட்டலுக்குப் புதுக் கட்டடமா, பழைய வீடா என்பது இன்றைய தலைப்பு. பழைய வீடே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று கேள்வி வைத்தார். பழைய வீட்டில் பன்னிரண்டு அறை எடுப்பதே பெரிய பாடு, புதுக் கட்டடத்தில் நாற்பது எடுக்கலாமே? பழைய சுவரில் ஈரம் ஏறுமே, திருத்தித் தீருமா? மரக்கூரை தீப்பிடித்தால் யார் பொறுப்பு? மூன்றும் நியாயமானவை. ஆனால் வழக்கின் உயிர் இரண்டாவதில்தான் இருக்கிறது. அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊரின் பழைய வீட்டுச் சுவர்களில் பல, கடலின் பவளப்பாறையிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டடி கனம். அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் ஏறத்தான் செய்யும். கட்டியவர்களுக்கு அது தெரியும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று கொண்டுபோய்விடும். அப்படித்தான் இந்தச் சுவர்கள் இத்தனை மாரி கண்டும் நிற்கின்றன. பிறகு சீமெந்து வந்தது. ‘வடிவாக இருக்கட்டும்’ என்று அதன்மேல் சீமெந்து பூசி, இமல்ஷன் பெயின்ற்றும் அடித்தார்கள். ஈரம் வெளியேறும் கதவு அடைபட்டது. ஈரம் மேலே மேலே ஏறியது, கூடவே உப்பும் ஏறியது.

இப்படிப் பூசிய ஒரு சுவரில், முழங்கால் உயரத்தில் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். வெற்றுக்குடம்போலச் சத்தம் கேட்கும். ஓரத்தில் உளி வைத்தால் சீமெந்து சாப்பாட்டுத் தட்டளவு துண்டாகக் கழன்று கையில் வரும். அதன் முதுகில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அது உப்பு. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பருக்கிறது, சாந்தை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. கீழே பழைய சுண்ணாம்பு மாவாகக் கொட்டும். எதிரணி காட்டிய நோய் இதுதான். நோயைச் சுமப்பது சுவர், கொண்டுவந்தது சீமெந்து.

இதற்கு மருந்து உண்டு, முறை தவறாமல் செய்தால். சித்திரையில் சீமெந்துப் பூச்சை உளியாலும் சின்னச் சுத்தியலாலும் உரிக்க வேண்டும். இயந்திர உடைப்பான் பிடித்தால் முருகைக்கல்லே நொறுங்கும். பூத்துவரும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். மேசன்மார் அதிகம் பிழை விடுகிற இடம் இது. ஆடி முடியும்வரை சுவர் திறந்தபடி காயட்டும். மூட்டுகளை முக்கால் அங்குலம் சுரண்டி, புதுச் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைக்க வேண்டும். பிறகு பூச்சு. நீற்றி மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, அலசிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் ஒரு கூடைகூடக் கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. அரை அங்குலத்துக்கு மேற்படாமல் இரண்டு படை, மேலே மெல்லிய மூன்றாம் படை. ஒவ்வொரு படைக்கும் நடுவே பத்து நாள்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். சுவரைக் காயவைத்த அதே கச்சான், புதுப் பூச்சுக்கு எமன். வெறுங்காற்றில் விட்டால் இரண்டாம் நாளே சிலந்திவலைபோல வெடிக்கும். ஆகவே ஒரு கிழமைக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, காலை மாலை தெளிக்க வேண்டும். புரட்டாதிக்குள் முடித்துச் சுண்ணாம்பு வெள்ளை நாலு கை அடித்துவிட்டால், ஐப்பசி வாடைமழை வரும்போது சுவர் தயார். அடுத்த சித்திரையில் சீசனுக்குக் கதவு திறக்கலாம்.

‘இவ்வளவு பாடு எதற்கு, இடித்துவிட்டுக் கட்டலாமே’ என்கிறார் எதிரணி நண்பர். இடிக்கலாம். திரும்பக் கட்ட முடியாது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை இன்று சட்டம் தடை செய்கிறது. சரியான தடை, முருகைப்பாறை இருந்தால்தான் மீனும் கரையும். அப்படியென்றால் நகரத்தில் நிற்கும் ஒவ்வொரு முருகைக்கல் சுவரும் கடைசிச் சுவர். முதிரைக் கதவுக்கும் பாலை வளைக்கும் இதே கணக்குத்தான். அந்தக் கனத்தில், அந்த வைரத்தில் மரம் இன்று எந்த மரக்காலையில் கிடைக்கும்?

புதுக் கட்டடம் நிலத்துக்குச் செய்வதையும் பார்ப்போம். வாகனம் நிறுத்த நிலக்கீழ்த் தளம் வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் டச்சுக் குடா, நடுவே மணற்பாங்கான நிலம். இப்படிப்பட்ட கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கி அப்படியே நின்றால், அடியில் உப்புநீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலெழும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. குழி தோண்டி, அது நிரம்பாமல் மாதக்கணக்கில் பம்ப் போட்டு இறைத்தால், முதலில் உவர்ப்பது பக்கத்து வீட்டுக் கிணறு. கிணறு உவர்த்தவருக்கு எந்த ஹோட்டல் பதில் சொல்லும்?

அறைக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் கடற்கரைச் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதிவரை. வாடை தொடங்கினால் கடல் குமுறும், புறாத்தீவுப் படகு நிற்கும். நாற்பது அறைக்குக் கட்டிய கடனுக்கு மார்கழியிலும் வட்டி ஓடும். பன்னிரண்டு அறையென்றால் அந்த மாதங்களில் பாதியைப் பூட்டி, சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்கு வருபவர்களையும் அலுவலாக வருபவர்களையும் வைத்தே சமாளிக்கலாம். தண்ணீரும் அப்படியே. அறைக்கு இருவர், ஒரு விருந்தினருக்கு நாளுக்கு 250 லீற்றர் என்று வைத்தால், பன்னிரண்டு அறைக்கு 6,000 லீற்றர், நாற்பது அறைக்கு 20,000. அதில் பெரும்பங்கு கழிவாக வெளியே வரும்.

குளியலறைகளைப் பழைய சுவருக்குள் திணிக்க நாங்களும் சொல்லவில்லை. சுவரை வெட்டிக் குழாய் புதைத்தால் ஒரு கசிவு போதும், மேலே சொன்ன நோய் முழுதாகத் திரும்பிவிடும். பின்முற்றத்தில் தனி அத்திவாரத்தில் புதுக் குளியலறை வரிசை, நடுவே மூன்றடி நடை. 110 மில்லிமீற்றர் கழிவுக்குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று சாய்வு. பதினைந்து மீற்றர் தூரத்துக்கு 25 சென்ரிமீற்றர் இறக்கம் போதும். திண்ணையின் உயரமே அதைத் தந்துவிடும். ஏசியின் வெளிப்பெட்டிகளும் அந்தப் புதுச் சுவரில்தான், கடலுக்கு முதுகு காட்டி. நல்ல தண்ணீரால் மாதமொருமுறை கழுவாவிட்டால் உப்புக்காற்றில் அரிபட்டுவிடும்.

தீயைப் பற்றிய கேள்வியில் எதிரணி சொல்வது சரி. பழைய வயர் முழுதும் வெளியே வர வேண்டும். சமையலறை மரக்கூரையின் கீழ் இருக்கவே கூடாது. மேல்மாடி அறைகளுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும். செலவுதான், ஆனால் செய்யக்கூடிய செலவு.

எதிரணியினர் காலிக் கோட்டையைக் காட்டினார்கள். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இடம். பழைய கட்டடங்களைத் திருத்தியே ஹோட்டல்கள் நடக்கின்றன. அது எங்கள் பக்கத்துச் சாட்சி. ஆனால் அங்கே வீடுகள் விலைபோய், குடியிருந்தவர்கள் பலர் வெளியேறியதும் உண்மை. எனவே இங்கே விற்பனை வேண்டாம், நீண்டகாலக் குத்தகை. வீட்டின் உறுதிப் பத்திரம் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கட்டும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எழுதுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். மண்டபத்தை விட்டு வெளியே வந்து, தெருவில் மான்கள் படுத்திருக்கும் பக்கமாக நடந்தால், சீமெந்து படாத பழைய மதில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். அதில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு பக்கத்தில் சீமெந்து பூசிய சுவரின் அடியிலும் வைத்துப் பாருங்கள்.