துரும்பும் பல் குத்த உதவும்

(ராயபுரத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, துறைமுகத் தொழிற்சங்கப் பெரியவர்களே, நாற்காலி போட்டுத் தந்த பந்தல்காரத் தம்பியே, வணக்கம். மூன்று செய்தி சொல்ல வந்தேன்: எண்களைக் கட்டம் கட்டி அடுக்கும் அணிகளில் நேர்மாறு இல்லாதவை; பகா எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு செய்து எல்லாவற்றையும் பெருக்கிக் கட்டும் எல்-சார்பு; இரண்டையும் இணைக்க வியட்நாமில் பிறந்த கணிதவியலர் ஙோ பாவ் சாவ் போன்றோர் தேடும் வழி.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். அணிக்கோவை பூச்சியமா, நேர்மாறு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம். நேர்மாறு உள்ளவை மட்டும் சேர்ந்தால் குலம். மற்றதையும் சேர்த்தால் சமனியுடைய அரைக்குலம், மோனாய்டு.

சேர்த்தால் என்ன கிடைக்கும்? அமெரிக்கக் கணிதவியலர் ஜான் டேட் 1950இல் செய்ததன் சாரம் இது. பகா எண் 2, அடுக்கும் 2 என்று வையுங்கள். 2ஆல் வகுபடாதவை 1 தரும்; இந்தக் கணக்கில் நேர்மாறு உள்ளவை இவைதான். ஒருமுறை வகுபடுபவை 1/4, இருமுறை 1/16. இப்படிப் பூச்சியத்தை நோக்கி இறங்குகிறது. கூட்டினால் 4/3. வகுபடாதவையோடு நிறுத்தினால் வெறும் 1தான். 3க்கு 9/8, 5க்கு 25/24. எல்லாப் பகா எண்களுக்கும் பெருக்கினால் பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு. 1972இல் கணிதவியலர்கள் கோடெமானும் ஜாக்கேயும் எண் இருந்த இடத்தில் அணியை வைத்தார்கள்.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது துறைமுகம். 1912 மார்ச்சில் அங்கே கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர் ராமானுஜன். கல்லூரித் தேர்வில் கணிதம் தவிர மற்றவற்றில் தேறாதவர் அவர், பிள்ளைகளே! காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார். துணி தேடி எடுப்பதற்குள் எண்ணம் ஓடிவிடுமே! முடிவு மட்டும் நோட்டில் ஏறும். 1914 மார்ச் 17இல் இதே துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். 1916இல், ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் ஓர் எண் தரும் டௌ சார்பை வெளியிட்டார்: 2க்கு −24, 3க்கு 252, 6க்கு −6048. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். ஏன் என்று 1917இல் மார்டெல் நிறுவினார். அந்த −24ஐத் தருவது அணிக்கோவை 2 உள்ள, இரண்டுக்கு இரண்டு முழு எண் அணிகள். அணிக்கோவை 1 உள்ளவற்றால் பெருக்கிக் கிடைப்பதை ஒன்றாகக் கொண்டால் மூன்றே வகை. நேர்மாறு எடுத்தால் அரை வந்துவிடும். முழு எண்ணுக்குள் நேர்மாறே கிடையாது. துரும்புதான் பல் குத்தியது!

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. மற்ற எல்-சார்புகளுக்கான மோனாய்டின் ஓரத்தில் மடிப்பு விழுகிறது, அதாவது வழவழப்பு கெடுகிறது, முழு எண் புள்ளிகளுக்கு ஒரே எடை போட்டால் விடை தவறும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் கேட்கிறேன். வடசென்னைக்கு மாலைநேரக் கணிதப் படிப்பகம் வேண்டும். ஓர் அறை, எட்டடிக் கரும்பலகை, ஆறு முதல் எட்டு மணி வரை விளக்கு; அவ்வளவுதான். அரியர் வைத்த பிள்ளைகளுக்கே முதல் வரிசை. கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.