தெரிந்த முடிவும் பதறும் நெஞ்சும்

அவையோருக்கு என் வணக்கம்.

அண்மையில் படித்த த்ரில்லர் நாவல்களைப் பற்றி, பிடித்தது பிடிக்காதது இரண்டையும் மறைக்காமல் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். திறனாய்வு என் தொழில் இல்லை. இரவு ஒரு கதையை எடுத்தால் முடிக்காமல் விளக்கை அணைக்க மனம் வராத வாசகன், அவ்வளவுதான். ஆனால் கடந்த சில மாதங்களில் அடுத்தடுத்துப் படித்த ஐந்தாறு புத்தகங்கள், நெடுநாளாக நான் நம்பிவந்த ஒன்றைப் புரட்டிப் போட்டுவிட்டன. அதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. நூலகத்திலிருந்து ஒரு மர்ம நாவலை எடுத்து வந்தேன். பெயர் வேண்டாம். கொலை நடந்த வீட்டில் ஏழு பேர், ஏழு பேர்மீதும் சந்தேகம். நூறு பக்கம் தாண்டியிருப்பேன். ஒரு தாளைத் திருப்பினால் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர். அதன் கீழே அழுத்தமாக இரண்டு கோடு. எனக்கு முன்னால் படித்த யாரோ, கொலைகாரன் யார் என்று எழுதி வைத்திருக்கிறார்! அந்த நிமிடமே புத்தகம் செத்துப்போயிற்று. இன்னும் இருநூறு பக்கம் மிச்சம் இருந்தது, படிக்கத்தான் ஒன்றும் இல்லை. அதுவரை ஆட்களாகத் தெரிந்த ஏழு பேரும் அட்டைப் பொம்மைகளாகிவிட்டார்கள். ரப்பரை எடுத்து அந்தப் பெயரை அழித்தேன். அடுத்து எடுப்பவருக்காவது கதை பிழைக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஃபிரெடெரிக் ஃபோர்சைத் எழுதிய ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ நாவலைக் கையில் எடுத்தேன். 1971இல் வெளிவந்தது. இவ்வளவு காலம் தள்ளிப்போட்டு இப்போதுதான் படித்தேன். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததைப் பொறுக்காத ஓ.ஏ.எஸ். என்ற இரகசிய அமைப்பு, பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஓர் ஆங்கிலேயக் கூலிக் கொலையாளியை அமர்த்துகிறது. கதை நடப்பது 1963இல். டி கோலோ 1970 நவம்பரில் தம் வீட்டிலேயே இயற்கையாக இறந்தவர். ஆக, இந்தக் கொலையாளி தோற்கப்போகிறான் என்பது முதல் பக்கத்துக்கு முன்பே நமக்குத் தெரியும். ஃபோர்சைத் எழுதி முடித்தபோது டி கோல் உயிரோடுதான் இருந்தார். முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்று பதிப்பாளர்கள் சிலர் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பென்சில் கோட்டைப் பார்த்தவுடன் புத்தகத்தை மூடியவன்தானே நான்!

ஆனால் இந்தப் புத்தகத்தை என்னால் கீழே வைக்க முடியவில்லை. ஏன் என்று திரும்பத் திரும்ப என்னையே கேட்டுப் பார்த்தேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். தனக்கென்று தனியாகச் செய்வித்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவன் காட்டுக்குள் போகிறான். டி கோலின் தலைக்குப் பதிலாக ஒரு முலாம்பழம். சுடுகிறான், போய்ப் பார்க்கிறான், குறிபார்க்கும் கருவியின் திருகைச் சற்றே திருப்புகிறான், மறுபடி சுடுகிறான். குண்டு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்கிறது. கடைசியாக, வெடிக்கும் குண்டு ஒன்றைப் போட்டுச் சுடுகிறான். பழம் இருந்த இடத்தில் பழம் இல்லை. இந்தப் பக்கங்களில் இரகசியம் எதுவும் இல்லை, யாரும் துரத்தவில்லை, உரத்த சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு மனிதன் தன் வேலையைக் கவனமாகச் செய்கிறான், அவ்வளவுதான். எனக்கோ மூச்சு முட்டியது. குழந்தையிலேயே இறந்துபோன ஒருவனின் பெயரைக் கல்லறையில் தேடிப் பிடித்து, அந்தப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு அவன் பாஸ்போர்ட் வாங்குகிற இடமும் அப்படித்தான்.

நாவல் தொடங்குகிற இடமும் முக்கியம். 1963 மார்ச் 11 அன்று, டி கோலைக் கொல்ல முயன்ற குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற பாஸ்தியன் திரி சுட்டுக் கொல்லப்படுகிறார். இது கற்பனை இல்லை, நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் டி கோலின் காரைக் குண்டுகள் துளைத்ததும் நடந்ததுதான். ஃபோர்சைத் அந்தக் காலத்தில் பாரிஸில் செய்தியாளராக இருந்தவர். உண்மையையும் புனைவையும் ஒட்டு தெரியாமல் அவர் தைத்துவிடுகிறார். அதனால், தோற்பான் என்று தெரிந்திருந்தும், எந்த இடத்தில், யாரால், எத்தனை நொடி வித்தியாசத்தில் என்ற கேள்விகள் நம்மைப் பிடித்து இழுக்கின்றன.

குறையும் உண்டு. ஆட்கள் பெரும்பாலும் மேலோட்டம். கொலையாளிக்கு உள்ளம் என்று ஒன்று இருக்கிறதா என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. பெண் பாத்திரங்களை ஆசிரியர் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறார், அது எனக்கு உறுத்தியது. வீட்டில் மனைவிக்கு அடங்கி, அலுவலகத்தில் பெரிய அதிகாரிகளுக்கு நடுவே கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் துப்பறியும் அதிகாரி லெபெல் ஒருவர்தான் என் மனத்தில் மனிதராக நின்றார்.

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் நம் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. நீங்கள் எல்லாரும் அறிந்ததுதான். பதிகத்திலேயே கதை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் கொலையுண்பான், மதுரை எரியும், எல்லாம் தெரியும். அப்படி இருந்தும் கொலைக்களக் காதையைப் படிக்கும்போது என்ன ஆகிறது? கண்ணகி சமைத்துப் போடுகிறாள். அவன் உண்டு முடித்து, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். வழியில் திமில் கொண்ட காளை ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. அது தீய நிமித்தம். அவனுக்கு அது தெரியாது. ஆயர்கள் அறிவார்கள், அவன் வணிகன், அவன் குலத்தார் அறிந்த குறி அல்ல அது என்கிறார் இளங்கோ. நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. ‘திரும்பிப் போ’ என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது, கத்தினாலும் அவன் காதில் விழாது. அந்தப் பதைப்பைத்தான் நான் ஃபோர்சைத்திடமும் கண்டேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

ஒளித்து வைப்பதில்தான் த்ரில்லரின் உயிர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வாசகனிடம் நம்பிக்கையோடு சொல்லிவிட்டு, பாத்திரத்துக்குச் சொல்லாமல் விடுகிறார்களே, அந்த இடைவெளியில்தான் நெஞ்சு பதறுகிறது.

பட்ரீஷியா ஹைஸ்மித்தின் ‘தி டேலண்டட் மிஸ்டர் ரிப்லி’ 1955இல் வந்தது. அங்கே நாம் கொலைகாரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். டாம் ரிப்லி தன் நண்பனைக் கொன்று, அவன் உடையை உடுத்தி, அவன் கையெழுத்தைப் போட்டு, அவனாகவே வாழத் தொடங்குகிறான். கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் நான் அவனோடு சேர்ந்து திடுக்கிட்டேன். அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை உணர்ந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். செத்தவனுக்கு ஒரு தகப்பன் இருக்கிறார், மகன் வருவான் என்று காத்திருக்கிறார். அவரை நான் மறந்தே போய்விட்டேன். என்னை மறக்க வைத்தது எழுத்தின் வலிமை. அந்த வலிமை எனக்கு அச்சம் தருகிறது, மரியாதையும் தருகிறது.

இனி, இந்தப் பட்டியலில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான புத்தகம். கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஜப்பானிய மொழியில் 2005இல் வெளிவந்து நவோகி பரிசு பெற்றது. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பை.

கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. கொன்றவள் யார், ஏன் கொன்றாள் என்று ஒளிவுமறைவே இல்லை. மணமுறிவுக்குப் பிறகும் விடாமல் வந்து தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை, மகளைக் காக்கும் பதற்றத்தில் ஒரு தாய் மின்கம்பியால் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறாள். சுவருக்கு அப்பால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி. அதிகம் பேசாதவர், நண்பர்கள் இல்லாதவர், அவள் வேலை செய்யும் கடையில் நாள்தோறும் உணவுப் பொட்டலம் வாங்குவதைத் தவிர அவளோடு வேறு பழக்கமும் இல்லாதவர். அவர் கதவைத் தட்டுகிறார். உதவுகிறேன் என்கிறார். அந்த நொடியிலிருந்து கதை, ஒரு கணித மேதை போலீஸுக்காகக் கட்டும் புதிராகிவிடுகிறது. அதை அவிழ்க்க வருகிறவரோ அவருடைய பழைய கல்லூரித் தோழர், இயற்பியலாளர் யுகாவா.

இஷிகாமி ஓர் இடத்தில் தன் தேர்வுத் தாள்களைப் பற்றிச் சொல்கிறார். பார்த்தால் வடிவியல் கேள்விபோல் இருக்குமாம். உண்மையில் அது வேறு கணக்காம். மாணவன் தவறுவது கணக்குத் தெரியாததால் அல்ல, இது இன்ன வகைக் கேள்வி என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுவதால். போகிறபோக்கில் சொன்னதுபோல் இருக்கும் இந்த வரியில் ஆசிரியர் தம் முழுக் கதையையும் நம் கையில் கொடுத்துவிட்டார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். முடித்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினேன். எல்லாம் அங்கேயே இருந்தது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அன்றிரவு நான் அழுதேன். புதிர் அவிழ்ந்ததற்காக யாரும் அழ மாட்டார்கள். அந்த மனிதர் யாருக்காக, எதைக் கொடுத்தார் என்று தெரிந்தபோது தாங்க முடியவில்லை.

கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ 2012இல் வந்தது, பலரும் படித்திருப்பீர்கள். ஐந்தாவது திருமண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். ஓர் அத்தியாயம் கணவன் சொல்வது, மறு அத்தியாயம் மனைவியின் நாட்குறிப்பு. அதில் வரும் பெரிய திருப்பத்தை வேறு யாராக இருந்தாலும் கடைசிப் பக்கம்வரை பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். ஃப்ளின் அதை நட்ட நடுவிலேயே போட்டு உடைத்துவிடுகிறார். உண்மையான பதைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போலீஸுக்கும் ஊருக்கும் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா! முடிவு பிடிக்கவில்லை என்று பலர் என்னிடம் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது. அந்த இருவருக்கும் அதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

இதோடு ஒப்பிட்டால் அலெக்ஸ் மைக்கேலிடீஸின் ‘தி சைலண்ட் பேஷண்ட்’, 2019இல் வந்த நாவல், எனக்கு ஏமாற்றமே. கணவனைச் சுட்டுக் கொன்றபின் ஒரு சொல்கூடப் பேசாத ஓவியர், அவளைப் பேச வைக்க வரும் உளவியல் சிகிச்சையாளர். எவ்வளவு அருமையான தொடக்கம்! படிக்கும்போது வேகம் குறையவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பாரமும் கடைசியில் அவிழும் ஒரே முடிச்சின்மீது ஏற்றப்பட்டிருக்கிறது. மறுபடி படித்துப் பார்க்க உட்கார்ந்தேன். ஐம்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. அந்தப் பெண்ணின் மௌனம் என்னை உலுக்கும் என்று எதிர்பார்த்தேன். அது முடிச்சைக் காக்கும் பூட்டாக மட்டும் நின்றுவிட்டது. இந்தப் புத்தகத்தை உயிராக நேசிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொதுவாகவே அண்மைக்கால நாவல்களில் ஒன்று என்னை வருத்துகிறது. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கும். அவள் யார், எதைக் கண்டு சிரிப்பாள், யாரிடம் கடன் வாங்கியிருந்தாள், எதுவும் தெரியாது. துப்பறிபவரின் சோகத்துக்கு நாற்பது பக்கம் ஒதுக்குகிறார்கள், அவளுக்கு நாலு வரி. செத்தவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்று என்னை நம்ப வைக்காமல், அவளைக் கொன்றவனைத் தேடிப்போக என்னை ஏன் அழைக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டு பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அலறல் என்ற பழக்கமும் அப்படித்தான். பத்தாவது அலறலுக்குக் காது மரத்துவிடுகிறது.

நேரம் ஆகிவிட்டது. அடுத்துக் கேள்வி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள், என் கருத்தை மறுத்தும் பேசுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இஷிகாமி கடைசியில் என்ன செய்தார் என்பதை மட்டும் இங்கே யாரும் உரக்கச் சொல்ல வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் அந்தத் தம்பி, நான் பேசப் பேச அந்தப் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.